முப்பத்தொன்றாம் புள்ளி

பேசின் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் ரயில் நின்றது. நிற்கும் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும். சென்ட்ரலை விட்டுக் கிளம்புகிற மின்சார ரயில் இந்த இடத்தில் ஒருமுறை நின்று மூச்சு வாங்காமல் போவது அபூர்வம். நாலு வருஷமாக ஐஸ் பெட்டியும் ரத்தக் குழாய்களுமாக இந்தத் தடத்தில் வியாசர்பாடிக்குப் போய்வந்தவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இன்றைக்கு ஐஸ் பெட்டி இல்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பதினான்கு பக்கம், கலரில் அச்செடுத்தது. காலை ஒன்பதே காலுக்கு அவளுடைய ஆய்வுக் கட்டுரை பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. பத்து மணிக்கெல்லாம் ஆய்வு நிலையத்தில் கேக் வெட்டினார்கள். கோவர்த்தன் சார், அவளுடைய துறைத் தலைவர், யாருக்கும் லேசில் கை கொடுக்காதவர், இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாசரேத்திலிருந்து அம்மா போன் பண்ணி, "உன் பேரு மொதல்ல வந்திருக்கா?" என்று அதை மட்டும் கேட்டாள். வந்திருக்கும்மா. பதினோரு பேர், அதில் முதல் பேர் அவளுடையது. கேக் துண்டு காகிதத் தட்டில் அப்படியே இருக்கும், இந்நேரம் எறும்பு வந்திருக்கும். அரை நாள் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். எங்கே என்று கேட்டதற்கு, ஒருத்தரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள். யாரை என்று சொல்லவில்லை. சொன்னால் கோவர்த்தன் சார், ஆய்வில் பங்கேற்றவர் வீட்டுக்குத் தனியாகப் போவது முறையா என்று கேட்டிருப்பார். முறைதானா? முறையில்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஜூலை மாதத்து இரண்டு மணி வெயில் ஜன்னல் கம்பிகளில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே கால்வாயிலிருந்து அந்த வாடை. எதிர் சீட்டில் ஒரு அம்மாள் முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கழுத்து அவள் கழுத்து மாதிரியே இருந்தது, சம்பூரணத்தின் கழுத்து மாதிரி, கட்டையாக, இரண்டு மடிப்போடு. ஹெப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சம்பூரணத்துக்கு நாற்பத்தாறு வயது. மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைக்கிற வேலை. ஒரே அறை வீடு, அதில் மாமியாருக்கு டிபி வந்து, அந்தக் கிழவி ஒரு வருஷம் இருமி இறந்துபோய், அடுத்ததாக வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கும் வந்து, அவர் ஏழு மாசம் சிகரெட் இருமல் என்று சொல்லிச் சமாளித்து, கடைசியில் ரத்தமாகத் துப்பிய பிறகுதான் மாத்திரைக்கு வந்தார். அத்தனை நாளும் அவள் அதே அறையில், அதே பாயில், அவர் விட்ட மூச்சையே வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நோய் வராதது மட்டுமில்லை, கிருமி உடம்புக்குள் வந்துபோன வழக்கமான அடையாளம்கூட எந்தச் சோதனையிலும் இல்லை. அறுநூறு வீடுகளில் தேடி அப்படிப்பட்டவர்கள் பத்தொன்பது பேர்தான் கிடைத்தார்கள். அவர்களுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஹெப்சிபாவின் நாலு வருஷம். எல்லார் ரத்தத்திலும் இருக்கிற டி செல்களில் ஒரு சிறு வகை, கிருமியைக் கண்டால் மற்றவை போல ஊரைக் கூட்டாமல், சத்தம் காட்டாமல் வேலையை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற வகை, இந்தப் பத்தொன்பது பேரிடமும் அது கூடுதலாக இருந்தது. சம்பூரணத்திடம் எல்லாரையும்விட அதிகம். கட்டுரையின் மூன்றாம் படத்தில் பத்தொன்பது புள்ளிகளில் பதினெட்டு ஒரு கூட்டமாக நிற்கும். ஒன்று மட்டும் மேலே, தனியாக. ஆய்வில் சேர்ந்த வரிசைப்படி முப்பத்தொன்றாம் எண். முதல் தடவை ஊசி குத்தும்போது ஹெப்சிபா வழக்கம்போலச் சொன்னாள், கொஞ்சம் வலிக்கும்மா. அதற்கு அவள், "எடுத்துக்கோங்க டாக்டரம்மா, சும்மாதானே உள்ள சுத்திட்டு இருக்கு," என்றாள். தான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர் என்று எத்தனையோ தடவை விளக்கியாகிவிட்டது. "ரெண்டும் படிப்புதானே," என்பாள். பதினோரு தடவை ரத்தம் கொடுத்தாள். பதினோரு தடவையும் கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்காமல் குழாய் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ தன் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி.

ஹெப்சிபா அதைச் சொன்னது ஒன்பதாவது தடவையில். மார்ச் மாதம், அதில் சந்தேகமில்லை. மின்விசிறி ஓடவில்லை, கரண்ட் இல்லை, அதனால் வாசலுக்கு அருகே உட்கார்ந்திருந்தார்கள். முந்தின வாரம்தான் அந்தப் படம் முழுசாக வந்திருந்தது. மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். காட்டியிருக்கக் கூடாது, ஆனால் அந்தச் சந்தோஷத்தை வேறு யாரிடம் காட்டுவது? அந்தப் புள்ளியே எதிரில் உட்கார்ந்து வெந்தய வாசனை அடிக்கிற கையை நீட்டிக்கொண்டிருந்தது. "இதோ, மேல தனியா இருக்கு பாருங்க, இது நீங்கதான். உங்க ரத்தத்துல ஒரு படையே இருக்கு. உங்களுக்கு" என்று ஆரம்பித்தது வரை ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு? உங்களுக்கு டிபி வராது என்றாளா? உங்களுக்கு எதுவும் வராது என்றாளா? டிபி என்றுதான் சொல்லியிருப்பாள். பதினைந்து வருஷமாக வாயில் ஊறின சொல். ஆனால் அந்தச் சந்தோஷத்தில், அந்தப் புழுக்கத்தில், எதிரே அந்த முகம் அப்படி மலர்கிறபோது, வாய் எதைச் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கு டிபி வராதும்மா. உங்களுக்கு எதுவும் வராதும்மா. இரண்டும் அவள் குரலிலேயே கேட்கிறது. இரண்டுக்கும் பிறகு சம்பூரணம் அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எட்டு மாசமாகப் பல் தேய்க்கும்போது, லிஃப்டில் நிற்கும்போது, நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கும்போது இதே இடத்தில் வந்து சிக்குகிறது. இதில் அவள் வேலை செய்வது நினைவுச் செல்களில். ஒரு கிருமியை ஒரு தரம் பார்த்துவிட்டு முப்பது வருஷம் கழித்தும் அடையாளம் சொல்கிற செல்களைப் பற்றி மாணவர்களுக்கு மணிக்கணக்காகப் பாடம் எடுக்கிறாள். தான் சொன்ன ஒரு சொல் தனக்கு நினைவில்லை. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி நின்றது. எதிர் சீட்டு அம்மாள் கண்ணைத் திறந்து, "சிக்னல் போடலியா இன்னும்?" என்றாள். "போடலம்மா," என்றாள் ஹெப்சிபா. அம்மாள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

நவம்பரில் பன்னிரண்டாவது தடவைக்காகப் போன் பண்ணினாள். ஏகாம்பரம் எடுத்தார். சம்பூரணம் இருக்காங்களா என்றதற்கு, அவ இல்லம்மா என்றார். எப்ப வருவாங்க என்று கேட்டுவிட்டாள். எப்ப வருவாங்க. அப்போதுகூட அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை, இன்னொரு கையில் தேதி குறிக்கப் பேனாவை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "போயிட்டாம்மா. பன்னெண்டு நாளாச்சு. டெங்குன்னாங்க." அப்புறம் அவராகவே, "கடைசில உங்க பேச்சைத்தான் பேசிட்டு இருந்தா," என்றார். என்ன பேச்சு என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயம். "அந்தப் புஸ்தகம் வந்தா ஒண்ணு குடுங்கம்மா, அவ கேட்டுட்டே இருந்தா," என்றும் சொன்னார். வந்ததும் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் போகவில்லை. கட்டுரை வரட்டும் என்று தனக்கே ஒரு சாக்கு. ஆனால் சம்பூரணத்தின் கடைசி ஆறு நாளை அவள் எத்தனையோ தடவை வாழ்ந்து பார்த்துவிட்டாள். மழை விட்ட ஒரு காலையில் சம்பூரணத்துக்கு உடம்பு கொதிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் வலி. பக்கத்து வீட்டில் யாரோ, ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்: என் ரத்தத்துல படை இருக்கு, எனக்கு எதுவும் வராதுன்னு டாக்டரம்மாவே படம் போட்டுக் காட்டியிருக்காங்க. நாலாம் நாள் காய்ச்சல் விடுகிறது. பார்த்தியா என்கிறாள். காய்ச்சல் விடுகிற நாள்தான் டெங்குவில் பயப்பட வேண்டிய நாள், ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கிற நாள். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் படைக்குத் தெரிந்தது ஒரே ஒரு எதிரி. வேறு எதிரி வாசலில் வந்து நின்றால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்த பாடம். அதைச் சொல்லாமல் விட்டது யார்? ஐந்தாம் நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். ஆறாம் நாள் இல்லை.

இந்தப் பதினான்கு பக்கத்தில் ஏழாம் பக்கம் ஒரு வரி வருகிறது. அதை எழுதியது அவள்தான். பங்கேற்றவர்களில் ஒருவர், எண் முப்பத்தொன்று, ஆய்வுக்குத் தொடர்பில்லாத காரணத்தால் இறந்தார். தொடர்பில்லாத. தட்டச்சு செய்தாள், அழித்தாள், மறுபடி செய்தாள். வேறு காரணத்தால் என்று மாற்றினாள். கோவர்த்தன் சார் சிவப்பில் அடித்து, வழக்கமான சொல்லையே போடும்மா என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், அந்த ஒற்றைப் புள்ளி மற்றவற்றிலிருந்து இவ்வளவு விலகி நிற்கிறதே, அதை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் முடிவு நிற்குமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நீக்கிப் பார்த்தாள். நின்றது. சம்பூரணம் இல்லாமலும் முடிவு நின்றது, கொஞ்சம்கூட ஆடாமல். அன்றைக்கு அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். கூட வேலை செய்கிறவர்கள் பரிசீலகர் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். பைக்குள் போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது, வாழ்த்து, வாழ்த்து, கை கூப்புகிற படம். பதினோரு பேர்கள் அச்சாகியிருக்கின்றன. சம்பூரணத்தின் பேர் எங்கும் இருக்காது, இருக்கவும் கூடாது, அது விதி, அவர்களைப் பாதுகாக்கத்தான் அந்த விதி. நன்றி என்ற தலைப்பின் கீழே, ரத்தம் அளித்த அனைவருக்கும். அனைவருக்கும். ஏகாம்பரம் கேட்டால் அந்த வரியைக் காட்டலாம். காட்டிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்று அவங்க உங்ககிட்ட சொன்னாங்க? அவ்வளவுதான், ஏழெட்டு வார்த்தை. அவர், எதுவும் வராதுன்னு சொன்னீங்களாமே என்றால்? என்றால் என்ன. அப்புறம் அதோடு இருக்க வேண்டியதுதான். இப்போது மட்டும் என்னவாக இருக்கிறாள்? வேண்டாம், உறையைக் கொடுத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். துக்கத்தில் இருக்கிற மனுஷனிடம் தன் பாரத்தை இறக்குவதும் ஒரு சுயநலம்தானே. இது நியாயமா, கோழைத்தனமா? ரயில் நகர்ந்தது. பேசின் பிரிட்ஜ் வந்தது, போயிற்று. வியாசர்பாடி ஜீவாவில் இறங்கும்போது உறையைப் பிடித்திருந்த கை வேர்த்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டது.

ஏகாம்பரம் வீட்டில்தான் இருந்தார். லாரிகளுக்குப் பேர் எழுதுகிறவர். பாதி நுரையீரலோடு அலைய முடியாததால் இப்போது தகட்டுப் பலகைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெயின்ட் வாடையும் டர்பன்டைன் வாடையுமாக இருந்தது அறை. ஒரு பலகையில் மஞ்சள் எழுத்துகள் ஈரமாக மின்னின. பாயை விரித்து அவளை உட்காரச் சொல்லி, உறையை வாங்குமுன் கையை மண்ணெண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் எழுத்துகள் தெரியும். முதல் பக்கத்தில் பேர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கடந்தார். கடைசிப் பேர் வரைக்கும் போனார்.

"எஸ்ல ஆரம்பிக்கறது எதுவும் இல்லியே," என்றார்.

"பேர் போடக் கூடாதுய்யா. அது சட்டம். யாருன்னு வெளிய தெரியக் கூடாது." மூன்றாம் படத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுதான் அவங்க."

அவர் அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். பிரஷ் பிடிக்கிற விரலால் அதைத் தொடாமல் அதற்கு மேலேயே வைத்திருந்தார். "தனியா நிக்கிறா," என்றார்.

தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் வாய் தானாகத் திறந்தது. எந்த வார்த்தைகளை ரயிலில் அடுக்கி வைத்தாளோ அவை ஒன்றும் வரவில்லை. "ஐயா, நான் அவங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். மார்ச்ல. உங்களுக்கு நோய் வராதுன்னு. எப்படிச் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அதை நம்பித்தான் அவங்க ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டாங்களோன்னு..."

ஏகாம்பரம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டிபி வராதுன்னு சொன்னீங்க. அன்னிக்கு சாயங்காலம் நான் வந்ததும் வராததுமா அதைத்தான் சொன்னா. எனக்கு டிபி வராதாம், படம் போட்டு வந்திருக்காம்னு. டிபின்னுதான் சொன்னா."

ஹெப்சிபாவுக்குள் எட்டு மாசமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று சட்டென்று தளர்ந்தது. அப்படித் தளர்வதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள், வெட்கத்தோடு.

"எதுவும் வராதுன்னு ஆக்கினது நான்," என்றார் அவர். "காய்ச்சல் வந்த மூணாம் நாளே போலாம்னு சொன்னா. உடம்பு என்னமோ பண்ணுதுன்னா. வெளிய மழை. எனக்கு மூச்சு இழுத்துட்டு இருந்துச்சு, ஆட்டோ புடிச்சு, அங்க போயி வரிசைல நின்னு... உனக்குத்தான் எதுவும் வராதே, படை இருக்கே, படுன்னேன். கேலியாத்தான் சொன்னேன். அவளும் சிரிச்சா. படுத்துக்கிட்டா."

தெருவில் யாரோ குடத்தைச் சிமென்ட்டில் உரசி இழுத்துப் போனார்கள். உங்க மேல தப்பில்லை என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொல்லுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. சொன்னால் அதுவும் காற்றில் விடுகிற இன்னொரு வாக்கியமாகத்தான் இருக்கும். தன் நிம்மதி இவர் வாயிலிருந்து வந்தது. அதற்கு இவர் கொடுத்த விலை என்ன என்பது இப்போது அவள் கண் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தது. எட்டு மாசம் அவள் சுமந்தது அவளுடையதே இல்லை. இந்த அறையில் இந்தப் பெயின்ட் வாடைக்குள் அது இவரோடுதான் இருந்திருக்கிறது, தினமும், தனியாக. அவள் ஒரு தடவை வந்திருந்தால்...

"போன்ல சொன்னீங்களே," என்றாள் மெதுவாக, "கடைசில என் பேச்சைப் பேசினாங்கன்னு."

"ஆமா. அடுத்த ரத்தம் குடுக்கற நாள் வருதே, தப்பிடுமே, அந்தப் பொண்ணு காத்திட்டு இருக்குமேன்னு. அதையேதான்." காகிதங்களை ஒழுங்காக அடுக்கி உறைக்குள் வைத்தார். பிறகு, "அவ குடுத்ததுல மிச்சம் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"நாலு குழாய் இருக்கு. ரத்தத்துலேர்ந்து பிரிச்ச செல்லு. உங்களுக்கு வேண்டாம்னா அழிச்சிடச் சொல்லலாம், அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"அதெல்லாம் செத்துப் போயிருக்குமே."

"இல்லைய்யா. உறைய வெச்சிருக்கோம். வெளிய எடுத்து வெதுவெதுப்புக்குக் கொண்டுவந்தா திரும்ப வேலை செய்யும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உயிரோட இருக்கா," என்றார். கேள்வியா, சொன்னதா, குழாயைச் சொல்கிறாரா, சம்பூரணத்தைச் சொல்கிறாரா என்று அந்தச் சொல்லிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஹெப்சிபா பிரிக்க முயலவும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அதற்கு ஒரே பதில்தான் அவளிடம் இருந்தது.

"ஆமா."

"அங்க ரொம்பக் குளிருமோ?"

கொஞ்சம் என்று சொல்லலாம். "ரொம்பக் குளிர்தான்," என்றாள்.

"அவளுக்குக் குளிர் ஆகாதும்மா." அவர் ஈரப் பலகையை வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைத்தார். எழுத்து வழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். திரும்பவும் வந்து உட்கார்ந்தார். "அழிக்க வேணாம். வேலைக்கு எடுத்துக்கோங்க. ஆனா கடைசிக் குழாயை எடுக்கறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வந்து பக்கத்துல நிக்கிறேன். அன்னிக்கு அவ போறப்ப நான் கீழ டீ குடிக்கப் போயிருந்தேன்."

"சொல்றேன்," என்றாள் ஹெப்சிபா.